இருபத்தேழு

ஹுஃபூஃப் நர்ஸ் விடுதியின் நான்காம் மாடியில்
ஏ.சி. பெட்டிக்கும் காயப்போட்ட சீருடைக்கும் நடுவே
ஒரு முழம் தண்டவாளம் தெரியும்,
பூக்காரி அளக்கிற முழம், கொஞ்சம் குறையவே இருக்கும்.
அதற்காகத்தான் போன வருடம்
தெருப்பக்கத்துப் பெரிய அறையை வேண்டாமென்றேன்.
வார்டன் என் பிரஷரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இரவு டியூட்டி முடிந்து வந்ததும்
எல்லாரும் திரையை இழுத்து மூடுவார்கள்.
நான் திறப்பேன்.
தம்மாம் துறைமுகத்தில் விடிய விடிய ஏற்றிய கண்டெய்னர்கள்
ஐந்தே முக்காலுக்கு வரும். அல்லது ஏழுக்கு.
மணல் மூடிய நாளில் வராது.

முதலில் ஓசை.
ஆல்கோ என்றால் இருமும். ஈரோடு ஷெட்டில் கேட்டிருக்கிறேன்,
கரும்புகை கக்கி மூச்சிரைக்கும், காசநோய் வார்டு மாதிரி.
இவை ஈ.எம்.டி.
அடிவயிற்றில் தொடங்கி ஒரே சீராக முனகும்.
கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்
இரண்டு எஞ்சினா மூன்றா, சுமையா வெறுமையா.
பிறகு எண்.
பிறகு பெட்டிகள்,
நாடி பிடித்த பழக்கம், உதடு அசையாமல் எண்ணுவேன்.
எழுபத்திரண்டு வந்த காலையில்
ஓரத்தில் எழுதிவைத்தேன்: நலம்.

படம் எடுக்கக் கூடாது, வேலி நெடுகப் பலகை.
நோட்டைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லை.
ஒரு குயர் நோட்டு, இது மூன்றாவது.
தேதி, நேரம், எண், காற்று.
காற்று எதற்கு என்று மாரிசெல் கேட்டாள்,
என் அறைக்காரி, இலோய்லோ ஊர், டயாலிசிஸ் பிரிவு.
ஷமால் வீசினால் மறுநாள் தாமதத்துக்குக்
காரணம் தேட வேண்டாம் என்றேன்.
உனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றாள்.

ஐம்பத்தொன்றில் திறந்த பாதை.
கப்பலில் இறங்கிய சரக்கு ரியாத் போய்ச் சேரப் போட்டது.
கிடைத்ததையெல்லாம் படித்தேன்:
எத்தனை கிலோமீட்டர், எத்தனை குதிரைத்திறன்,
எந்த எஞ்சின் எந்த ஆண்டு.
ஸ்லீப்பர் சுமந்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
என் மூன்று நோட்டிலும்
ஒரு டிரைவர் பெயர் கிடையாது.

ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை எல்லாம் வந்துவிட்டன,
பதினாறு நான்கு தடவை, பன்னிரண்டு கண்ணாடி உடைந்து.
இருபத்தேழு மட்டும் இல்லை.
உதிரிக்காகப் பிரித்துப்போட்டிருப்பார்கள் என்று
மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

அன்று நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து
எங்களை மதியம்வரை விடவில்லை.
அறைக்கு வந்தால் மாரிசெல் விழித்திருக்கிறாள்.
உன் ரயில் வந்தது, உனக்காக நம்பர் பார்த்தேன்,
என்று உள்ளங்கையை விரித்தாள்.
நீல மையில் இரண்டு, ஏழு.
மகனோடு வீடியோ காலில் இருந்தாளாம்.
சத்தம் கேட்டதும் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாளாம்.

நோட்டைத் திறந்தேன். பேனாவையும் திறந்தேன்.
எடுக்காத காய்ச்சலை எழுதாதே,
கொடுக்காத மருந்தை எழுதாதே,
கேஸ் ஷீட்டுக்கு என்ன விதியோ அதுதான் இதற்கும்:
தன் கண்.
அவள் கையைக் கழுவிவிட்டுப் படுத்தாள்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
எண் கட்டத்தை வெறுமையாக விட்டு
எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்:
பார்த்தவர் ஜோமர், வயது நான்கு, இலோய்லோ.

சாயங்காலம் அவள் போனை வாங்கி
அவனிடமே கேட்டேன், எத்தனை பெட்டி?
தெரிந்த இங்கிலீஷில் விரல் மடக்கிச் சொன்னான்.
பத்து.
கொஞ்சம் யோசித்து
இன்னொரு பத்து.
அப்புறமும் பத்து.